பிளக் குழியில் ஆயில் இறங்கி இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறதா? காயிலை மாற்றும் முன் சீலைப் பாருங்கள்

ஐடிலில் வண்டி லேசாக நடுங்குகிறது, சமதளத்தில் ஓட்டினால் ஒன்றும் தெரிவதில்லை, ஆனால் ஏசியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது கியரில் மேம்பாலம் ஏறினால் வெட்டி வெட்டி இழுக்கிறது, செக் இன்ஜின் லைட் வந்து வந்து போகிறது. இப்படி ஒரு வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் ஸ்கேனரை மாட்டுவார்கள், பி0302 என்றோ பி0303 என்றோ பிழைக் கோடு (எரர் கோட்; 2-ஆம் அல்லது 3-ஆம் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம்) வரும், "காயில் போயிடுச்சு" என்று சொல்லி பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் அந்தக் காயிலைப் புதிதாகப் போட்டு அனுப்பிவிடுவார்கள். வண்டியும் நன்றாக ஓடும். சில மாதம் கழித்து அதே சிலிண்டர், அதே கோடு. காயில் கெட்டது உண்மைதான். ஆனால் அதைக் கெடுத்த ஆயில் அந்தக் குழிக்குள்ளேயே இருக்கிறது. அதை யாரும் நிறுத்தவில்லை.

இந்த வேலையை வீட்டு வாசலில் வைத்தே செய்துவிடலாம். பொறுமையும், ஒரு நல்ல டார்க் ரெஞ்சும் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்), அரை நாளும் இருந்தால் போதும். நான் இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது ஹோண்டாவின் கே24 இன்ஜினை, அதாவது நம் ஊரில் சிஆர்வி 2.4, அக்கார்டு 2.4 வண்டிகளில் வந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பிளக்குக்கு மேலேயே காயில் உட்காரும் மற்ற இன்ஜின்களுக்கும் இதே முறைதான். எங்கே வித்தியாசம் வருமோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆயில் எப்படி அங்கே வருகிறது என்பது. இந்த வகை இன்ஜின்களில் பிளக் சிலிண்டர் ஹெட்டின் நட்ட நடுவில், ஆழத்தில் இருக்கும். அதைச் சுற்றி ஒரு குழாய், ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவர் வரை வரும். குழாய்க்கு வெளியே கேம் ஷாஃப்ட், ராக்கர், தெறிக்கும் ஆயில் எல்லாம். குழாய்க்கு உள்ளே பிளக்கும் காயிலின் ரப்பர் பூட்டும் (பூட் என்பது பிளக்கின் தலையைக் கவ்வும் ரப்பர் உறை) மட்டும், அது எப்போதும் காய்ந்திருக்க வேண்டிய இடம். குழாயின் மேல் விளிம்பும் டேப்பட் கவரும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் சீல். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து அந்த ரப்பர் கெட்டியாகிவிடும், இறுக்கிப் பிடிக்கும் தன்மை போய்விடும். அப்புறம் தெறிக்கிற ஆயில் சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் இறங்கும்.

சுத்தமான ஆயில் மின்சாரத்தைக் கடத்தாது, அப்படியிருக்க எப்படி மிஸ்ஸிங் வரும் என்று சிலர் கேட்கிறார்கள். சரியான கேள்விதான். ஆயில் முதலில் செய்வது காயிலின் பூட்டை ஊற வைத்து உப்ப வைப்பது. உப்பிய ரப்பர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானைக் கவ்விப் பிடிக்காது, நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளியில் கரியும் தூசியும் கலந்த ஆயில் படலம் போய் உட்காரும். பிளக்கின் நுனியில் தாவ வேண்டிய உயர் மின்னழுத்தம் அந்தப் படலம் வழியாகப் பீங்கானின் மேல்புறத்திலேயே வழுக்கி இன்ஜினின் உலோகத்துக்கு இறங்கிவிடும். ஒருமுறை அப்படிப் பாதை கண்டுபிடித்துவிட்டால் அங்கே கரி படிந்து பாதை நிரந்தரமாகிவிடும். மேடு ஏறும்போது மட்டும் வெட்டுவதற்கும் இதுதான் காரணம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் நுனியில் பொறி தாவ இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும், அந்த நேரம் பார்த்து மின்சாரம் சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்துவிடும்.

செக் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். ஆனால் அது விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது, அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து உள்ளே இருக்கும் தேன்கூட்டையே உருக்கிவிடும் என்று அர்த்தம். கன்வர்ட்டரின் விலைக்கு முன்னால் சீல் செட்டின் விலை ஒன்றுமே இல்லை. மின்னும் லைட்டோடு ஹைவேயில் ஏற வேண்டாம், தயவுசெய்து.

கழற்றும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்

இன்ஜின் முழுவதும் ஆறட்டும், இரவு நிறுத்தி வைத்துக் காலையில் செய்வது உத்தமம். ஹெட் அலுமினியம், சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி ஓரமாக வையுங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்தால் வரிசையாக நான்கு காயில் தெரியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு 10 எம்எம் போல்ட். மார்க்கரால் 1, 2, 3, 4 என்று காயிலின் தலையில் எழுதிவிடுங்கள்.

கனெக்டரைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பத்து வருடம் சூட்டில் இருந்த பிளாஸ்டிக் லாக், கொஞ்சம் அழுத்தினாலே முறியும். லாக்கை அழுத்துவதற்கு முன் கனெக்டரைக் காயில் பக்கமாக ஒருமுறை உள்ளே தள்ளிவிட்டு அழுத்தினால் பிடி தளர்ந்து சுலபமாக வரும். போல்ட்டை எடுத்த பின் காயிலை இடமும் வலமுமாகச் சின்னதாகத் திருப்பி, ஒட்டிய பிடி விட்டதும் நேராக மேலே தூக்குங்கள். ஆயிலில் ஊறிய பூட் குழிக்குள்ளேயே பிய்ந்து தங்குவதும் உண்டு, நீளமான மூக்குப் பிளையரால் துண்டு விடாமல் எடுத்துவிட வேண்டும்.

இப்போது பூட்டைப் பாருங்கள். நுனியிலிருந்து பாதி வரை ஈரமாக, வழவழப்பாக, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டினால் சந்தேகமே இல்லை. டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள், பிளக்கின் ஆறுமுகப் பகுதி மூழ்கி ஆயில் பளபளக்கும். நான்கு குழியையும் பாருங்கள், கோடு ஒரு சிலிண்டருக்குத்தான் வந்திருக்கும், ஆனால் பக்கத்துக் குழியிலும் பெரும்பாலும் ஆயில் ஆரம்பித்திருக்கும்.

குழியில் இருப்பது ஆயில்தானா என்பதையும் பார்க்க வேண்டும். இன்ஜின் ரூமை வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னால் அடித்த மறுநாள் மிஸ்ஸிங் ஆரம்பித்திருந்தால் அது தண்ணீராக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குச் சீல் மாற்ற வேண்டியதில்லை, காற்றடித்துக் காய வைத்தால் போதும்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம். ஆயில் பிளக்கின் மேல் பாதியில், பீங்கானில் இருக்கிறதா, இல்லை மரைக்குக் கீழே எலெக்ட்ரோடு இருக்கும் நுனியில் இருக்கிறதா? மேலே என்றால் இந்தக் கட்டுரையின் வேலை. நுனி ஈரக் கறுப்பாக இருந்தால் ஆயில் வருவது சிலிண்டருக்குள்ளிருந்து, பிஸ்டன் ரிங்கோ வால்வ் ஸ்டெம் சீலோ தேய்ந்திருக்கிறது, டேப்பட் கவர் சீலை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது. அதேபோல், பீங்கானில் உலோகப் பகுதியை ஒட்டி மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது உயர் மின்னழுத்தம் காற்றிலிருக்கும் நுண்ணிய ஆயில் துகளை இழுத்து ஒட்ட வைப்பதால் வரும் கறை, எல்லா நல்ல பிளக்கிலும் வரும். பயப்பட வேண்டியது, மேலிருந்து கீழாக பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால். மின்சாரம் வழுக்கி இறங்கிய தடம் அது. துடைத்தால் போகாது. அந்தப் பிளக்கைத் தூக்கிப் போடுங்கள். பூட்டின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள், அதே கோட்டின் ஜோடி அங்கேயும் இருக்கும்.

காயில் உண்மையில் செத்துவிட்டதா என்று சந்தேகம் இருந்தால், கோடு 2-ஆம் சிலிண்டருக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், துடைத்துக் காய வைத்துவிட்டு 2-ஆம் காயிலை 3-க்கும் 3-ஐ 2-க்கும் மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் பிழைக் கோடை அழித்து, ஓட்டிப் பாருங்கள். கோடு காயிலோடு சேர்ந்து 3-க்குத் தாவினால் காயில் அல்லது அதன் பூட். 2-லேயே நின்றால் பிளக், அல்லது இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வேறு பக்கம் தேட வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் இதைச் செய்யாமலேயே நாலு காயிலையும் மாற்றச் சொல்லும் இடங்கள் நிறைய.

ஆயிலை எடுத்த பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும்

குழியில் ஆயில் நிற்கும்போதே பிளக்கைக் கழற்றினால் அவ்வளவும் நேராகச் சிலிண்டருக்குள் இறங்கும், கூடவே அடியில் தங்கிய மண்ணும் துருவும். ஆயிலாவது புகையாகப் போகும், மண் சிலிண்டர் சுவரைக் கீறும்.

மெடிக்கலில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்றும், அதன் மூக்கில் செருக ஒரு அடி நீளத்துக்கு ட்ரிப்ஸ் ட்யூபும் வாங்கிக்கொள்ளுங்கள். ட்யூபை அடிவரை விட்டு உறிஞ்சினால் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்துக்கு பனியன் வேஸ்ட் துண்டை ஒரு நீள ஸ்குரூடிரைவர் நுனியில் நன்றாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, குழிக்குள் விட்டுச் சுழற்றி எடுங்கள், துணி சுத்தமாக வரும் வரை. அப்புறம் கொஞ்சம் பிரேக் கிளீனர் அடித்து மறுபடி துடையுங்கள். காற்று அடிக்க வசதி இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு, குழியின் மேல் துணியை வைத்துக்கொண்டு அடியுங்கள், இல்லாவிட்டால் மொத்த ஆயிலும் முகத்துக்கு வரும். பிரேக் கிளீனர் பட்டென்று தீப்பிடிக்கும் பொருள், பக்கத்தில் பீடி, சிகரெட், தொங்கவிட்ட சூட்டு பல்பு எதுவும் கூடாது. அதற்குப் பதில் பெட்ரோல் என்ற யோசனையே வேண்டாம்.

குழி காய்ந்த பின் பிளக். கே24-க்கு 16 எம்எம் பிளக் சாக்கெட், உள்ளே ரப்பர் பிடியோ காந்தமோ இருப்பது, கூட ஒரு எக்ஸ்டென்ஷன். எக்ஸ்டென்ஷனும் சாக்கெட்டும் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கும்போது சாக்கெட் பிளக்கைக் கவ்விக்கொண்டு உள்ளேயே நின்றுவிடும். நான்கு பிளக்கையும் கழற்றி, நான்கின் நுனியையும் பார்த்துவிட்டு, அதே பிளக்கைக் கையால் லேசாகத் திருகித் துளையை மூடி வையுங்கள். டேப்பட் கவரைத் தூக்கும்போது விழும் கசடு சிலிண்டருக்குள் போகாமலிருக்க அதுவே மூடி.

டேப்பட் கவர், பேக்கிங், சீல்

வாங்கும்போது குழாய்ச் சீல் மட்டும் வாங்காதீர்கள். டேப்பட் கவர் பேக்கிங், நான்கு குழாய்ச் சீல், நட்டுக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர் எல்லாம் சேர்ந்த செட்டாக வாங்குங்கள். பழைய பேக்கிங்கை ஒருமுறை தூக்கிவிட்டால் மறுபடி சரியாக உட்காராது. சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் வண்டி மாடல், வருடம், சேசிஸ் நம்பர் சொன்னால் எடுத்துத் தருவார்கள். ஒரிஜினல் கிடைக்கும் என்றால் ஒரிஜினலே வாங்குங்கள், ரப்பரில் மிச்சம் பிடித்த காசு சில மாதத்திலேயே மறுபடி ஆயிலாக இறங்கும்.

கவரைக் கழற்றும் முன் சுற்றுப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள், மேலே ஒட்டியிருக்கும் மண் திறந்த இன்ஜினுக்குள் விழக் கூடாது. ப்ரீத்தர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்), கவர் மேல் ஓடும் ஒயரிங் பிராக்கெட் எல்லாவற்றையும் விடுவியுங்கள், கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் மாட்டும்போது யோசிக்க வேண்டியதில்லை. நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்குரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்புவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய கொடுமை, அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் எந்த பேக்கிங்கும் அதை அடைக்காது.

கே24-இல் குழாய்ச் சீல் குழாயின் தலைமேல் தனியாக உட்கார்ந்திருக்கும், சிலது கவரோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும், இரண்டு பக்கமும் தேடி நான்கையும் எண்ணி எடுத்துவிடுங்கள். பழையது உள்ளே இருக்கும்போதே மேலே புதியதை வைத்து மூடினால் அவ்வளவுதான். வேறு பல இன்ஜின்களில் சீல் கவரின் அடிப்புறத்தில் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும், அதைச் சின்ன நெம்பியால் சுற்றிச் சுற்றிக் கிளப்பி எடுத்து, அதே விட்டமுள்ள சாக்கெட்டை வைத்து புதியதைக் கோணாமல் நேராக இறக்க வேண்டும், பழையதன் எந்த முகம் கீழே இருந்ததோ புதியதும் அப்படியே. கவர் பிளாஸ்டிக்காக இருக்கும் சில வண்டிகளில் சீல் கவரோடு வார்த்தே வரும், தனியாகக் கிடைக்காது, கவரையே மாற்ற வேண்டியதுதான்.

பழைய பேக்கிங்கை வளைத்துப் பாருங்கள், டப்பென்று உடையும். ஏன் ஒழுகியது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கவரின் பள்ளத்தையும் ஹெட்டின் முகத்தையும் பிரேக் கிளீனரில் நனைத்த துணியால் துடையுங்கள், கிளீனரை நேரடியாகக் கேம் மேல் பீய்ச்ச வேண்டாம், ஆயில் படலம் கழுவிப் போய்விடும். பழைய சிலிக்கான் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். புதுப் பேக்கிங்கைப் பள்ளத்தில் உலர்வாக, முறுக்கில்லாமல் உட்கார வையுங்கள். குழாய்ச் சீலின் உள் உதட்டில் மட்டும் விரலால் துளி இன்ஜின் ஆயில் தடவுங்கள், உலர்வாக இறக்கினால் உதடு மடிந்துவிடும்.

சிலிக்கான் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கடையில் அனபாண்ட் என்று கேட்டு வாங்கும் அந்த ட்யூபை பேக்கிங் முழுக்க வரைந்துவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது தவறு. டைமிங் செயின் கவரும் ஹெட்டும் சேரும் மூலைகளிலும், கேம் தாங்கி ஹெட்டோடு சேரும் கோணங்களிலும் மட்டும், மேனுவலில் காட்டிய இடத்தில், ஒரு சொட்டு. அதிகமாக வைத்தால் பிதுங்கி உள்பக்கம் தொங்கி, பிய்ந்து, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் விழுந்து ஆயில் பம்ப் வலையில் போய் அடைக்கும். ஆயில் ஒழுகாத இன்ஜின், ஆயில் கிடைக்காமல் செத்துப்போகும்.

கவரை நேராக இறக்கி, முன்னும் பின்னுமாக ஒரு துளி அசைத்து, நான்கு குழாயும் சீலுக்குள் போனதைக் காயில் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். உதடு எங்காவது மடிந்திருந்தால் அங்கேயே தெரியும். பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக முறுக்குங்கள். இந்தச் சின்ன நட்டுகளுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு கிலோகிராம்-மீட்டர் டார்க், அவ்வளவுதான் வேண்டும். கைபலத்தில் "இன்னும் ஒரு கால் சுற்று" போட்டால் ஸ்டட் முறியும், அல்லது கவர் வளைந்து நடுவில் சீல் தூக்கிக்கொள்ளும். சிலிக்கான் வைத்திருந்தால் ட்யூபில் எழுதிய நேரம் வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பிளக்கை முதலில் கையால் மட்டும் திருகி இறக்குங்கள், பிளக்கின் மேல் தலையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிக்கொண்டு திருகினால் மரை குறுக்கே ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். கே24-க்கு 18 நியூட்டன் மீட்டர். மற்ற இன்ஜினுக்கு அதன் மேனுவலைப் பாருங்கள். பூச்சு உள்ள நல்ல பிளக்குகளின் மரையில் கிரீஸோ ஆன்டி-சீஸோ (மரை ஒட்டிக்கொள்ளாமலிருக்கத் தடவும் பசை) தடவ வேண்டியதில்லை, தடவினால் அதே டார்க்கில் பிளக் அதிகமாக இறுகிவிடும். பூட் உப்பி இருந்தால், கையில் பிசுபிசுத்தால் மாற்றத்தான் வேண்டும். சில காயில்களுக்குப் பூட் மட்டும் தனியாகக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். நல்ல பூட்டாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, வாய்ப்பகுதியின் உட்புறம் மிக மெல்லிசாக டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரத்தைக் கடத்தாத கிரீஸ்) தடவி மாட்டுங்கள்.

மறுபடியும் ஆயில் வந்தால்

இதைச் சொல்லாமல் விட்டால் வேலை பாதிதான். சீல் கெட்டது வயதாலா, அழுத்தத்தாலா? இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்ற பிசிவி வால்வ் இருக்கிறது. அது கசடால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த ரப்பர் பலவீனமோ அது வழியாக ஆயிலைத் தள்ளும், புது சீலையும் சேர்த்துத்தான். சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, துளை மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துப் பாருங்கள். லேசாக உள்ளே இழுத்துப் பிடித்தால் பிசிவி வேலை செய்கிறது. காகிதத்தை ஊதித் தள்ளினால் பிசிவியைக் கழற்றிக் குலுக்குங்கள், உள்ளே டக்டக்கென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் மாற்றுங்கள், விலை குறைவுதான். பிசிவி புதிதாக இருந்தும் காகிதம் தூக்கியடித்தால் ரிங் தேய்ந்து கேஸ் கீழே இறங்குகிறது, கம்ப்ரஷன் பார்க்க வேண்டிய வண்டி அது.

சில இன்ஜின்களில் குழாயின் அடிப்பக்கமும் ஒரு சீல் உண்டு. ஹோண்டாவின் பழைய எஃப்22, ஹெச்22 மாதிரி இன்ஜின்களில் ராக்கர் அசெம்ப்ளிக்குள் இருக்கும் சீலை மாற்ற அந்த அசெம்ப்ளியையே தூக்க வேண்டும், அனுபவம் இல்லாதவர்கள் அதை நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சரி. மேல் சீல் புதிதாக இருந்தும், கவரின் அடி விளிம்பு காய்ந்திருந்தும், குழியின் அடியில் மட்டும் ஆயில் ஊறினால் சந்தேகம் அங்கேதான்.

எல்லாம் மாட்டி, பேட்டரியை இணைத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் சைலன்சரில் கொஞ்சம் நீலப் புகையும், இன்ஜின் மேல் சிந்திய ஆயில் கருகும் வாசனையும் வரும், அது நின்றுவிடும். கவரின் ஓரம் முழுக்க டார்ச் அடித்துப் பாருங்கள், முக்கியமாகப் பின்பக்கம், எக்ஸாஸ்ட் அந்தப் பக்கம் இருக்கும் வண்டிகளில் ஒழுகும் ஆயில் சூட்டு உலோகத்தில் நேராக விழும். பிழைக் கோடை அழித்துவிட்டு, ஏசியைப் போட்டு, முன்பு வெட்டிய அதே மேட்டில் அதே கியரில் ஏற்றிப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பின் முன்பு அதிகம் நனைந்திருந்த சிலிண்டரின் காயிலை மட்டும் கழற்றி, பூட்டின் நுனியை வெள்ளைக் காகிதத்தில் அழுத்துங்கள். காகிதத்தில் எண்ணெய்க் கறை இல்லை என்றால் காயிலை மாட்டி போல்ட்டைப் போட்டுவிடலாம்.